ஊரடங்கு போனது, ஏற்பாடு மட்டும் நிலைத்துவிட்டது

மதிப்பிற்குரிய ஆலோசகர் அவர்களுக்கு,

வணக்கம். மதுரை வில்லாபுரத்தில் கணவர், மாமியார், இரண்டு பிள்ளைகளுடன் வசிக்கிறேன். 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது ஒரு தனியார் நிறுவனத்தின் கணக்குப் பிரிவில் இருந்தேன். எங்கள் இருவருக்குமே வீட்டிலிருந்து வேலை என்றானது. அவர் அறைக்கதவைச் சாத்திக்கொள்வார். நானோ அடுப்படி மேடையில் மடிக்கணினியை வைத்து, குக்கர் விசிலுக்கு நடுவே மேலாளருக்குப் பதில் சொல்லிக்கொண்டிருப்பேன். என் செல்போன் மகனின் ஆன்லைன் வகுப்பில் இருக்கும். பள்ளிகள் திறக்கிற மாதிரித் தெரியாததால், "கொஞ்ச நாளைக்கு நீ வேலையை விட்டுரு, அப்புறம் பாத்துக்கலாம்" என்றார். அவருக்குச் சம்பளம் அதிகம் என்பதால் நானும் சம்மதித்தேன். இப்போது பிள்ளைகள் வளர்ந்துவிட்டார்கள். வேலைக்குப் போகிறேன் என்றால், "வீடு நல்லாத்தானே ஓடுது?" என்கிறார். கெட்டவர் அல்லர். ஆனாலும் எனக்குக் கோபம் வருகிறது. கோபப்பட்டோமே என்ற உறுத்தலும் சேர்ந்து வருகிறது. நான் எதிர்பார்ப்பது தவறா?

வாசகி, மதுரை

அன்புள்ள சகோதரிக்கு,

தவறில்லை. நெருக்கடிக்காகச் செய்துகொண்ட ஏற்பாட்டை, நெருக்கடி நீங்கியதும் உட்கார்ந்து பேசிக் கலைக்க உங்கள் வீட்டில் ஒருவரும் முன்வரவில்லை. அந்த ஏற்பாட்டால் வசதி அடைந்தவருக்கு அது தோன்றாததில் வியப்பும் இல்லை. குறைந்த சம்பளக்காரர் வேலையை விடட்டும் என்ற கணக்கு நியாயம் போலத் தெரியும்; ஆனால் பெரும்பாலான வீடுகளில் குறைந்த சம்பளம் பெண்ணுடையதாகவே இருப்பதால், அந்தக் கணக்கின் விடை போடும் முன்பே தெரிந்துவிடுகிறது.

இந்தச் சுமை கொரோனா கொண்டுவந்ததன்று. தேசியப் புள்ளியியல் அலுவலகத்தின் 2019 நேரப் பயன்பாட்டு ஆய்வின்படி, ஊதியமில்லா வீட்டு வேலை செய்யும் பெண்கள் அதற்கு நாளொன்றுக்குச் சராசரியாக 299 நிமிடங்களும், செய்யும் ஆண்கள் 97 நிமிடங்களும் செலவிட்டார்கள். அந்த வேலையில் கைவைத்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தாம். தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் திறந்தன. அதுவரை ஆசிரியர் வேலையும் ஏற்கெனவே சுமந்தவர் தலையிலேயே ஏறியது.

உங்கள் கோபம், எவரும் கணக்கில் எடுக்காத உழைப்பைப் பற்றிய கோபம். அதை அடக்கினால் உறுத்தலாகவும், சோர்வாகவும், சில சமயம் பிள்ளைகள் மீது எரிச்சலாகவும் வெளிவரும். எனவே கணவரிடம் அனுமதி கேட்கும் தொனியில் பேசாதீர்கள். எந்த மாதத்திலிருந்து போகலாம், எந்த வேலை யாருக்கு என்று பேசுங்கள். பகிரும்போது ஒரு வேலையை முழுதாக ஒப்படைக்க வேண்டும். காலை உணவு அவருடையது என்றால், இரவே மாவு இருக்கிறதா என்று பார்ப்பதும் அவருடையதே. நினைவூட்டும் பொறுப்பு உங்களிடம் தங்கினால் பாதிச் சுமை இறங்கவே இல்லை. சட்னியில் உப்புக் கூடினால் கூடட்டும், கரண்டியைத் திரும்ப வாங்காதீர்கள். மாமியாரிடம் இதை உங்கள் கணவர் வாயால் சொல்லவைப்பது நல்லது.

விண்ணப்பத்தில் இடைவெளிக்கான காரணத்தை ஒரே வரியில் உள்ளபடி எழுதுங்கள். கணக்குப் பிரிவு என்பதால், ஜிஎஸ்டியில் வந்துள்ள மாற்றங்களை நேர்காணலுக்கு முன் படித்துக்கொள்ளுங்கள். அதற்கான நேரத்தை இந்த வாரமே வீட்டில் கேட்டு வாங்குங்கள்.