வகை அனுமானத்தின்போது கம்பைலர் வகை மாறிகளை எப்படி வைத்திருக்கிறது, எப்படிப் பிரதியிடுகிறது?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தொடங்குகிறேன். சொந்தமாக ஒரு சிறிய ஃபங்ஷனல் மொழி எழுதுகிறீர்கள். எண், எழுத்துச்சரம் போன்ற வகைகளை நிரலாளர் எழுதாவிட்டாலும் கம்பைலரே கண்டுபிடிக்க வேண்டும்; இதுதான் வகை அனுமானம். இன்னும் தெரியாத வகைக்கு வைக்கும் தற்காலிகப் பெயர்தான் வகை மாறி. இந்த இரண்டு வகைகளும் ஒன்றே என்று ஒவ்வொரு சமன்பாடு கிடைத்ததும், அதுவரை சேர்ந்த எல்லா வகைகளுக்குள்ளும் புகுந்து மாறியை மாற்றி எழுதுகிறீர்கள், அதாவது பிரதியிடுகிறீர்கள். நிரல் சற்று நீண்டாலே கம்பைலர் திணறுகிறது. நடைமுறையில் உள்ள கம்பைலர்கள் இதை எப்படிச் சமாளிக்கின்றன என்பதே கேள்வி.

அவை பெரும்பாலும் பிரதியிடுவதே இல்லை. இன்னும் தெரியாத வகை ஒவ்வொன்றும் நினைவகத்தில் ஒரு பெட்டி. அது காலியாக இருக்கும், அல்லது வேறொரு வகையைச் சுட்டும். அந்த மாறி வருகிற எல்லா இடங்களும் நகலை வைத்திருக்காமல் அதே பெட்டியைச் சுட்டுவதால், பெட்டியை ஒருமுறை நிரப்பினாலே எல்லா இடங்களிலும் பிரதியிட்டதாக ஆகிவிடுகிறது. வகையைப் படிக்கும்போது மட்டும் சுட்டிகளைக் கடைசிவரை பின்தொடர்ந்து போக வேண்டும். கணினி அறிவியலாளர் ராபின் மில்னர் 1978இல் எழுதிய கட்டுரையிலேயே இரண்டு வழிமுறைகள் உள்ளன: 'டபிள்யூ' பிரதியிடலைத் தனிப் பொருளாகக் கையில் எடுத்துச் செல்கிறது, 'ஜே' ஒரே பொதுவான பிரதியிடலை வைத்துக்கொண்டு அதையே புதுப்பித்துக்கொண்டு போகிறது. நிரூபிக்க எளிது என்பதால் பாடங்களில் முதலாவது முன்னே வருகிறது. நீங்கள் எழுதியிருப்பது அதன் நேரடி வடிவம். செயல்படுத்துவதற்கு இரண்டாவதைப் பின்பற்றுங்கள்.

ஓர் எடுத்துக்காட்டைக் கையால் போட்டுப் பார்ப்போம். 'இருமுறை' என்ற சார்பு ப, ம என்ற இரண்டை வாங்கி ப(ப(ம)) என்பதைத் தருகிறது. ப-வுக்கு வ1, ம-வுக்கு வ2 என்று இரண்டு காலிப் பெட்டிகளைக் கொடுக்கிறோம். உள்ளே உள்ள ப(ம) என்பதன் விடைக்கு வ3. எனவே வ1 பெட்டி வ2 → வ3 என்பதை, அதாவது வ2-ஐ வாங்கி வ3-ஐத் தரும் சார்பின் வகையைச் சுட்டுகிறது. வெளியே உள்ள அழைப்பின் விடைக்கு வ4; எனவே வ1 = வ3 → வ4 ஆக வேண்டும். வ1 ஏற்கெனவே நிரம்பியிருப்பதால், வ2 → வ3 என்பதையும் வ3 → வ4 என்பதையும் உறுப்புக்கு உறுப்பு பொருத்துகிறோம்: வ2 இப்போது வ3-ஐச் சுட்டும், வ3 வ4-ஐச் சுட்டும். சுட்டிகளைப் பின்தொடர்ந்தால் இருமுறையின் வகை (வ4 → வ4) → வ4 → வ4 என்று வந்து நிற்கிறது. எந்த வகையையும் நாம் திருத்தி எழுதவில்லை. மூன்று பெட்டிகளை மட்டுமே நிரப்பினோம்.

நான் முதன்முதலில் எழுதிய நிரல் இந்த இருமுறைக்குச் சரியாக வேலை செய்தது. ப(ப(ப(ம))) என்று மும்முறை எழுதியதும் முடிவில்லாமல் சுற்றத் தொடங்கியது. ஒரு மாலை முழுவதும் தேடிய பிறகுதான் காரணம் புரிந்தது. மூன்றாவது அழைப்பில் வ2 → வ3 என்பதை வ4 → வ5 என்பதோடு பொருத்த வேண்டும். வ2-ஐப் பின்தொடர்ந்தால் வ4. எதிர்ப்பக்கத்தில் இருப்பதும் அதே வ4. இரண்டும் ஒன்றா என்று பார்க்காமல் நிரப்பியதால், பெட்டி தன்னைத்தானே சுட்டிக்கொண்டது. ஆகவே இந்த வரிசையை மாற்றாதீர்கள்: முதலில் இரு பக்கமும் சுட்டிகளைக் கடைசிவரை பின்தொடருங்கள், இரண்டும் ஒரே பெட்டி என்றால் எதுவும் செய்யாமல் திரும்புங்கள், பிறகு, நிரப்பப்போகும் மாறி எதிரில் உள்ள வகைக்குள் ஒளிந்திருக்கிறதா என்று தேடுங்கள், இல்லையென்றால் மட்டுமே நிரப்புங்கள். அந்தத் தேடலை விட்டுவிட்டால் ப(ப) போன்ற கோவை வ1 = வ1 → வ2 என்று முடிவில்லாத வகையைக் கட்டிவிடும்.

பெட்டிகளைப் பகிர்வது எவ்வளவு மிச்சப்படுத்துகிறது என்பதற்கு ஒரு கணக்கு. ஒரு மதிப்பை அதனுடனேயே இணையாக்கி, அந்த இணையை மறுபடி அதனுடனேயே இணையாக்கி, இப்படி 20 முறை செய்தால், விரித்து எழுதிய வகையில் 10,48,576 இலைகள் இருக்கும். பகிர்ந்து வைத்தால் 20 இணைக் கணுக்களே போதும்.

நிரலாளர்கள் அதிகம் தடுமாறும் இடம் இனிமேல்தான் வருகிறது. 'இன்னும் தெரியாத வகை' வேறு, 'எந்த வகையாகவும் இருக்கலாம்' என்பது வேறு. இரண்டையும் மாறி என்றே அழைப்பதால் குழப்பம் நேர்கிறது. வாங்கியதை அப்படியே திருப்பித் தரும் சார்பின் வகை வ1 → வ1. வரையறை முடிந்த பிறகும் வ1 சாதாரணப் பெட்டியாகவே இருந்தால், முதலில் எண்ணோடு அழைத்ததும் அது எண்ணால் நிரம்பிவிடும். அடுத்து எழுத்துச்சரத்தோடு அழைத்தால் பிழை வரும். எனவே வரையறை முடிந்ததும் வ1-ஐப் பொதுமாறி என்று குறித்துவிட்டு, ஒவ்வொரு பயன்பாட்டிலும் அதற்குப் புதிய பெட்டி போட்டு வகையை நகலெடுக்க வேண்டும். பிரதியிடல் என்ற பெயருக்குரிய வேலை உண்மையில் நடப்பது இங்கேதான்.

எதைப் பொதுமாறியாக்கலாம்? ம-வை வாங்கும் ஒரு சார்புக்குள் 'க = ம' என்று எழுதினால், க-வின் வகை வெளியே உள்ள ம-வுக்குச் சொந்தமானது; அதைத் தொடக் கூடாது. இதற்காக ஒவ்வொரு முறையும் சூழலில், அதாவது அந்த இடத்தில் புழங்கும் பெயர்களின் பட்டியலில், உள்ள எல்லா வகைகளையும் துழாவுவது வீண் செலவு. ஆய்வாளர் டிடியே ரெமி கண்டுபிடித்த நிலை எண் முறை மிக அழகானது. ஓகேமல் மொழியின் கம்பைலர் அதைத்தான் பயன்படுத்துகிறது. உள் வரையறைக்குள் நுழையும்போது நிலையை ஒன்று கூட்டுகிறோம். வெளியேறும்போது ஒன்று குறைக்கிறோம். ஒவ்வொரு பெட்டியும் தான் பிறந்த நிலையை நினைவில் வைத்திருக்கிறது. ஒரு பெட்டியை நிரப்பும்போது, எதிர் வகையில் உள்ள மாறிகளின் நிலை அதைவிட அதிகமாக இருந்தால் அந்த அளவுக்குக் குறைக்கிறோம். ஒளிந்திருக்கிறதா என்று தேடும் அதே நடையிலேயே இதையும் செய்துவிடலாம். வெளியேறும்போது நடப்பு நிலையைவிட உயர்ந்த எண்ணோடு காலியாக இருப்பவை மட்டுமே பொதுமாறிகள். ஓகேமல் அவற்றுக்குக் கொடுக்கும் நிலை எண் 10 கோடி. எந்த நிரலின் ஆழமும் அதைத் தொடாது.

ஹாஸ்கெல் மொழியின் ஜிஎச்சி கம்பைலரும் இதே போன்ற பெட்டிகளையே வைத்திருக்கிறது. வகைச் சரிபார்த்தல் முடிந்ததும், மர வடிவில் வைத்திருக்கும் நிரல் முழுவதையும் ஒருமுறை நடந்து, நிரம்பிய பெட்டிகளை அகற்றி அவற்றின் உள்ளடக்கத்தை வைக்கிறது. இந்த நடைக்கு அங்கே 'ஸாங்கிங்' என்று பெயர். ரஸ்ட் மொழியின் கம்பைலர் மட்டும் சற்று விலகுகிறது. எந்த டிரெய்ட் (ஒரு வகை செய்யக்கூடிய செயல்களின் தொகுப்பு) பொருந்தும் என்று அது ஒரு வழியை முயன்று பார்த்து, பொருந்தாவிட்டால் திரும்ப வேண்டியிருப்பதால், மாறியை வெறும் எண்ணாக வைத்து, மதிப்புகளைத் தனி அட்டவணையில் எழுதுகிறது. ஒவ்வொரு மாற்றமும் பதிவேட்டில் ஏறுவதால் பழைய நிலைக்கு மீள முடிகிறது. நீங்கள் விவரித்த மொழியில் அப்படி முயன்று திரும்பும் தேவை எதுவும் இல்லை. எனவே நிலை எண்ணோடு கூடிய பெட்டியே உங்களுக்குப் போதும்.