கராஜ் பதில்கள்: முன் டிஃப் தண்ணீர் குடித்தால்

கேள்வி: என்னிடம் பழைய டொயோட்டா டபுள் கெப் ஒன்று இருக்கிறது. போன மழையில் கொலன்னாவையில் இருந்த உறவினரை ஏற்றி வரப் போய், அரைச் சக்கரத்துக்கு மேல் தண்ணீருக்குள் ஓடினேன். வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் முன் டிஃப் ஒயிலை உடனே மாற்றச் சொல்கிறார் நண்பர். வீட்டிலேயே செய்யலாமா? எஞ்சின் ஒயில் மாற்றிப் பழக்கம் உண்டு. (வாசகர், வெள்ளவத்தை)

பதில்: நண்பர் சொல்வது சரி. டிஃப் (டிஃபரென்ஷியல்) என்பது எஞ்சினின் சுழற்சியை இரண்டு பக்கச் சக்கரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கும் பல்சக்கரப் பெட்டி. எஞ்சின் ஒயில் மாற்றிய கைக்கு இது பெரிய வேலை இல்லை, வீட்டிலேயே செய்யுங்கள். ஆனால் "வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை" என்று எழுதியிருக்கிறீர்களே, அதை மட்டும் நான் நம்பமாட்டேன். டிஃப்புக்குள் தண்ணீர் போனால் அன்றைக்குத் தெரியாது. உள்ளே பேரிங் மெல்லத் துருப்பிடித்து, ஒருநாள் முனகத் தொடங்கும்போதுதான் தெரியும். அப்போது செலவு ஒயிலோடு முடியாது.

ஓடிச் சூடான டிஃப் வெள்ளத்துக்குள் இறங்கியதும் சட்டென்று குளிரும். உள்ளே இருக்கிற காற்று சுருங்கி வெளியிலிருந்து இழுக்கும். அப்படி இழுக்கும்போது காற்று போகட்டும் என்றுதான் டிஃப்பின் மேற்பக்கம் பிரீதர் என்கிற காற்றுத் துளை வைத்திருக்கிறார்கள். பல வண்டிகளில் அதிலிருந்து ஒரு றப்பர் குழாய் எஞ்சின் பக்கம் மேலேறிப் போகும். அது அடைத்திருந்தால், அல்லது அதன் வாய் தண்ணீருக்குள் போயிருந்தால், காற்றுக்குப் பதில் தண்ணீர்தான் உள்ளே வரும். 2016 மே வெள்ளத்துக்குப் பிறகு கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கத்து வண்டிகள் எங்கள் கராஜுக்கும் வந்தன. எல்லோரும் எஞ்சினைப் பார்க்கச் சொன்னார்கள். டிஃப்பைப் பார் என்று சொன்னவர்கள் குறைவு.

வழக்கமாக ஒயிலைச் சூடாக்கி வடிக்கச் சொல்வோம். உங்களுக்கு நேர்மாறாகச் சொல்கிறேன். இரவு முழுக்க வண்டியை அசையாமல் விடுங்கள். தண்ணீர் ஒயிலை விடப் பாரம், அடியில் போய் நிற்கும். காலையில் கீழ்ப் பிளக்கை மெல்லத் தளர்த்தினால் முதலில் தண்ணீர் சொட்டும், பிறகு ஒயில் வரும். தண்ணீர் போனபின்பும் நிறைய ஓடியிருந்தால் இரண்டும் கலந்து பால் தேநீர் நிறத்தில் வரும். கறுப்பாகவோ பழுப்பாகவோ தெளிவாக வந்தால் தப்பிவிட்டீர்கள்.

கீழ்ப் பிளக்கைத் தொடுவதற்கு முன், ஒயில் ஊற்றுகிற மேல் பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். அது கழன்றால்தான் மற்றது. ஒயிலை வடித்துவிட்டு மேல் பிளக் இறுகிக் கிடக்கிறது என்று கண்டால், வண்டி இருந்த இடத்திலேயே நிற்க வேண்டியதுதான். வெள்ளவத்தையில் கடற்காற்றுக்கு இந்தப் பிளக்குகள் நன்றாகவே பிடித்துக்கொள்ளும். டொயோட்டா டபுள் கெப்களில் பெரும்பாலும் 10 மில்லிமீற்றர் அலன் கீ போகும். அந்தக் குழிக்குள் இருக்கும் மண்ணை முதலில் ஆணியால் சுரண்டி எடுங்கள். அலன் கீயைச் சுத்தியலால் தட்டி அடிவரை இறக்கிய பிறகுதான் திருப்ப வேண்டும். பாதி இறங்கிய கீயோடு பலம் காட்டினால் குழியின் மூலை தேய்ந்துவிடும். அப்புறம் அது வெல்டிங்காரரின் வேலை.

அடுத்தது இடம். வண்டி சமமாக நிற்க வேண்டும், இல்லாவிட்டால் ஒயில் மட்டம் பிழைக்கும். காலி வீதியிலிருந்து கடற்பக்கம் இறங்குகிற உங்கள் ஒழுங்கைகளில் சமமான இடம் தேடித்தான் பிடிக்க வேண்டும். தொடர்மாடியின் வாகனத் தரிப்பிடம் சமமாக இருக்கும், ஆனால் காவலாளியிடம் முதலில் பேசிக்கொள்ளுங்கள். டபுள் கெப்பை ஜக்கில் தூக்கவே தேவையில்லை, ஒரு அட்டையை விரித்து ஊர்ந்து போனால் போதும். ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை வையுங்கள். முன்பக்கத்தை மட்டும் ஜக்கில் நிறுத்திக்கொண்டு மட்டம் பார்ப்பது வீண் வேலை. ஜக்கை மட்டும் நம்பி அடியில் படுப்பதைப் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

கீழ்ப் பிளக்கில் ஒரு காந்தம் இருந்தால் அதை விரலால் வழித்துப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் வழுவழுப்பான களி என்றால் கவலை இல்லை, பல்சக்கரம் தேய்வதால் வருவது அது. விரலில் குத்துகிற சில்லுகள், நகத்துண்டளவு இரும்பு வந்தால் ஒயில் மாற்றி மூடிவிடாதீர்கள், யாரிடமாவது திறந்து காட்டுங்கள். பிளக்கைத் துடைத்து, வொஷரைப் புதிதாகப் போடுங்கள். பஞ்சிகாவத்தை உதிரிப்பாகக் கடைகளில் பழைய வொஷரைக் காட்டினால் அதே அளவில் எடுத்துத் தருவார்கள்.

ஒயில் என்ன? கையேட்டில் வேறு சொல்லாவிட்டால் 75டபிள்யூ-90 அல்லது 80டபிள்யூ-90, ஜீஎல்-5. முன்னது ஒயிலின் தடிப்பு, ஜீஎல் என்பது கியர் ஒயிலின் தரவகை. கடைக்காரர் "இதுவும் கியர் ஒயில்தான்" என்று ஜீஎல்-4 தந்தால் வாங்காதீர்கள். டிஃப்பின் பற்கள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கிக்கொண்டே சுற்றுகிறவை, அந்த அழுத்தத்தைத் தாங்கும் மருந்து ஜீஎல்-5இல்தான் போதியளவு உண்டு. மிஞ்சியதை மனுவல் கியர்பொக்ஸுக்குள் ஊற்றும் யோசனையும் வேண்டாம், பித்தளைப் பாகங்களுக்கு அது ஆகாத மருந்தாக இருக்கலாம். இரண்டு லீற்றர் வாங்குங்கள், கொஞ்சம் மிஞ்சும். சீல் உடையாத கேனாகப் பார்த்து வாங்குங்கள்.

ஊற்றுவதுதான் அலுப்பான பகுதி. மேல் பிளக்குக்கு மேலே கேனைச் சரிக்க இடம் இருக்காது. ஹாட்வெயார் கடையில் கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் குழாய் இரண்டு மீற்றர் வாங்கி, ஒரு முனையைத் துளைக்குள் விட்டு, மறு முனையை எஞ்சின் பக்கத்தால் மேலே இழுத்துப் புனலில் மாட்டுங்கள். வீட்டில் யாராவது மேலே நின்று ஊற்றட்டும். ஒயில் கேனை அரை மணித்தியாலம் வெயிலில் வைத்தால் சீக்கிரம் இறங்கும். துளையின் விளிம்பால் வழியத் தொடங்கியதும் நிறுத்துங்கள். வழிவது நின்று சொட்டும்போது பிளக்கை மூடுங்கள்.

பால் நிறமாக வந்திருந்தால் ஒருமுறை மாற்றினால் போதாது. விலை குறைந்த ஜீஎல்-5 ஊற்றி, கொஞ்ச தூரம் ஓடி, திரும்ப வடியுங்கள். தெளிவாக வரும்வரை இதையே செய்யுங்கள். மண்ணெண்ணெய் ஊற்றிக் கழுவச் சொல்லும் பாஸ்மார் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. மூலைகளில் தங்குகிற மண்ணெண்ணெய் புது ஒயிலைத்தான் கெடுக்கும். பின் டிஃப்பும் அதே தண்ணீருக்குள்தான் நின்றது, அதையும் திறந்து பாருங்கள்.

பழைய ஒயிலைக் கேனில் அடைத்து சேர்விஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிடுங்கள். வெள்ளவத்தைக் கால்வாய் ஏற்கெனவே போதுமானதைச் சுமக்கிறது.

கேள்வி: முன் டிஃப்பில் ஒயில் கசிகிறது. சீல் மாற்றினேன். சில வாரத்தில் திரும்பவும் கசிவு. சீல் மட்டமானதா? (வாசகர், தெகிவளை)

பதில்: சீலை, அதாவது தண்டைச் சுற்றி ஒயிலை மறிக்கும் றப்பர் வளையத்தை, திட்டுவதற்கு முன் பிரீதரைப் பாருங்கள். ஓடும்போது டிஃப் சூடாகி உள்ளே காற்று விரியும். வெளியேற வழி இல்லாவிட்டால் ஒயிலைத் தள்ளிக்கொண்டு சீல் வழியாக வரும். புதுச் சீலையும் அது தள்ளும். வேறொரு இடத்தில் இரண்டு முறை சீல் மாற்றிய ஒரு ஜீப் என்னிடம் வந்தது. பிரீதர் குழாயைக் கழற்றி ஊதினேன், போகவில்லை. கம்பியை விட்டுக் குத்தினேன். உள்ளிருந்து குளவி கட்டிய மண் கூடு உதிர்ந்தது. சீலைத் தொடவே இல்லை, கசிவு நின்றது.

குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். வெடித்திருந்தால் புதிது போடுங்கள். போடும்போது முனையை எஞ்சின் அறையில் உயரமான இடத்தில் கட்டிவிட்டால் வெள்ளத்துக்கும் நல்லது. அதற்குப் பிறகும் கசிந்தால் சீல் உட்காரும் தண்டில் கோடு விழுந்திருக்கலாம். நகத்தால் தடவினாலே தட்டுப்படும்.

கேள்வி: ஐயா, என் வண்டியில் ஃபோர் வீல் போட்டதே இல்லை. அலுவலகம், பாடசாலை, சந்தை, அவ்வளவுதான். அந்த ஒயிலையும் மாற்ற வேண்டுமா? (வாசகி, கொழும்பு 7)

பதில்: மாற்ற வேண்டும் தங்கச்சி. முன் டிஃப் ஓடித் தேய்வதை விடக் கிடந்து கெடுவதைத்தான் நான் கூடுதலாகப் பார்க்கிறேன். ஃபோர் வீல் போடாத வண்டியில் உள்ளே பல்சக்கரம் சரியாகச் சுற்றாது, ஒயில் மேலே ஏறாது, சீல் காயும். டொயோட்டா தன் கையேடுகளில் மாதத்துக்கு 16 கிலோமீற்றராவது ஃபோர் வீலில் ஓட்டச் சொல்வது இதற்காகத்தான்.

ஆனால் காலி வீதியில் காய்ந்த தாரில் போட்டு ஓட்டிவிடாதீர்கள். திரும்பும்போது முன் சக்கரங்களும் பின் சக்கரங்களும் வேறு வேறு தூரம் ஓடும். தேவைப்படும்போது மட்டும் போடுகிற பகுதிநேர ஃபோர் வீலில் அந்த வித்தியாசத்தை விடுவிக்க நடுவில் எதுவும் இல்லை. சக்கரம் வழுக்கினால்தான் அது விடும், தாரில் வழுக்காது. ஊருக்குப் போகும்போது கிரவல் பாதை கிடைத்தால் அங்கே போடுங்கள். உங்களுடையது எப்போதும் ஃபோர் வீலில் ஓடுகிற பிராடோ மாதிரி வண்டி என்றால் இந்தக் கவலை இல்லை, கையேட்டில் சொன்ன கிலோமீற்றரில் ஒயிலை மாற்றினால் சரி.

கேள்வி: வளைவில் திரும்பும்போது முன்னால் டக் டக் என்று சத்தம். டிஃப் போய்விட்டதா? (வாசகர், கொட்டாஞ்சேனை)

பதில்: பெரும்பாலும் இல்லை. டிஃப் கெட்டால் நேரே ஓடும்போதும் முனகும், அக்சிலரேட்டரை மிதிக்க, விட, முனகல் மாறும். திரும்பும்போது மட்டும் டக் டக் என்றால் சீவி ஜொயின்ட், அதாவது சக்கரம் திரும்பினாலும் அதற்குச் சுழற்சியைக் கடத்தும் மூட்டு. சக்கரத்தை ஒரு பக்கம் முழுதாக ஒடித்து, பின்னால் உள்ள றப்பர் உறையின் மடிப்புகளைப் பாருங்கள். கிழிந்து கிரீஸ் தெறித்திருக்கும். சத்தம் தொடங்காத பக்கத்தின் உறை கிழிந்திருந்தால் உறையும் கிரீஸும் மாற்றினால் போதும். சத்தம் வந்த பக்கத்துக்கு ஜொயின்ட்டே மாற்ற வேண்டும்.