லிடியா சோகமாக இருக்கிறாரா? ஓவியக் கேள்வி பதில்

இந்த முறை எடுத்துக்கொண்ட படம், இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் (வெளிச்சத்தையும் அந்தந்த நேரத்து நிறத்தையும் பிடிக்க முயன்ற குழுவைச் சேர்ந்தவர்) மேரி கசாட் 1880இல் தன் அக்காவை வரைந்த 'மார்லி தோட்டத்தில் குரோஷே பின்னும் லிடியா'. நியூயார்க் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தில் (சுருக்கமாக 'மெட்') இருக்கிறது.

கேள்வி: நல்ல வெயில், பூச்செடிகள். ஆனாலும் பார்த்தால் மனசு கனக்கிறதே, ஏன் சார்?

பதில்: வெயில் எங்கே விழுகிறது என்று பாருங்கள். முதலில் கண்ணைப் பறிப்பது அந்தப் பெரிய வெள்ளைத் தொப்பி. அதன் விளிம்புக்குக் கீழே முகம் வெளிறி, அடங்கிப்போய் இருக்கிறது. அத்தனை வெளிச்சத்தை ஒட்டியே அப்படியொரு முகத்தை வைத்தால் கனக்கத்தான் செய்யும். உடையோ குளிர்ந்த நீலம். பின்னால் செவ்விலைச் செடிகள் சரிந்தோடுகின்றன, நடைபாதையில் ஆளில்லை. அவரும் நம்மைப் பார்ப்பதில்லை. வழக்கமான எச்சரிக்கை: நிறத்தை ஃபோன் திரையில் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

கேள்வி: இம்ப்ரெஷனிஸ்டுகள் கறுப்பைத் தொடவே மாட்டார்களாமே?

பதில்: அவர்களில் ஒருவரான ரெனுவார் 1874இல் வரைந்த 'லா லோஜ்' படத்தில் அந்தப் பெண்ணின் கவுனைப் பாருங்கள், பட்டை பட்டையாகக் கறுப்பு.

கேள்வி: லிடியா நோயாளி. சோகத்துக்குக் காரணம் அதுதானே?

பதில்: சிறுநீரக நோய் இருந்தது உண்மை. 1882 நவம்பரில் இறந்தார். ஆனால் அதைத் தெரிந்துகொண்டு பார்த்தால் எந்தப் படமும் அழும். 1879இல் கசாட் வரைந்த 'முத்துமாலை அணிந்த பெண்' படத்தில் இருப்பவரையும் லிடியா என்றுதான் நெடுங்காலமாகச் சொல்கிறார்கள். சிவப்பு இருக்கை, முதுகுக்குப் பின்னால் கண்ணாடி, அதில் அரங்கமும் சரவிளக்கும். விளக்கு வெளிச்சத்தில் தோள் மின்னுகிறது, முகத்தில் சிரிப்பு. அங்கே நோய் எங்கே போயிற்று?

கேள்வி: ஒத்துக்கொள்ள மாட்டேன். அக்காவின் நோய் தெரிந்துதானே முகத்தை நிழலில் வைத்தார்?

பதில்: இருக்கலாம். வாதத்துக்கு அப்படியே வைத்துக்கொள்வோம். அப்போதும் அதை நமக்குச் சொல்வது நிழல்தான், மருத்துவக் குறிப்பு இல்லை. குறிப்பை முதலில் படித்துவிட்டுப் படத்துக்கு வருகிறவர் தொப்பியைப் பார்ப்பதே இல்லை. என் சண்டை அதோடுதான்.

கேள்வி: லிடியாவுக்கு என்ன நோய்?

பதில்: மேலே படியுங்கள்.

கேள்வி: அவர் அழுகிறாரா?

பதில்: இல்லை. பின்னலைக் கவனிக்கிறார்.

கேள்வி: மாட்டி வைக்க நல்ல பிரிண்ட் எங்கே கிடைக்கும்?

பதில்: மெட் தளத்தில் பெரிய அளவுப் படம் இலவசம். இறக்கி அச்சிட்டுக்கொள்ளுங்கள். அச்சுக்கடைக்காரரிடம் 'கொஞ்சம் பிரைட் பண்ணுங்க' என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். முதலில் போவது அந்த முகத்து நிழல்தான்.