லாம்ப்டாவுக்குள் எக்ஸெப்ஷன் வந்தால் என்ன செய்வது?

கேள்வி: குலசேகரத்தில் ரப்பர் ஷீட் வாங்கும் கடைக்கு ஜாவாவில் கணக்கு நிரல் எழுதுகிறேன். தினசரி எடை, நாளுக்கு ஒரு ஃபைலாக இருக்கிறது. ஸ்ட்ரீமின் மேப்புக்குள் (வரிசையில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ஒரே வேலையைச் செய்யும் ஆபரேஷன்) ஃபைலைப் படிக்கச் சொன்னால், ஃபைலைப் படிக்கும்போது வரக்கூடிய பிழையான ஐஓஎக்ஸெப்ஷனைக் கையாளவில்லை என்று கம்பைலர் நிற்கிறது. வெளியே டிரை-கேட்ச் போட்டும் சரியாகவில்லை. ஏன்?

பதில்: மேப் கேட்பது ஃபங்ஷன் என்ற இன்டர்ஃபேஸை. அதன் அப்ளை மெத்தடில், இந்த எக்ஸெப்ஷன் வெளியே வரலாம் என்று சொல்லும் த்ரோஸ் அறிவிப்பு கிடையாது. மேப்புக்குள் நீங்கள் எழுதும் லாம்ப்டாதான் (பெயரில்லாத சிறு ஃபங்ஷன்) அந்த அப்ளையின் உடல். ஆகவே ஐஓஎக்ஸெப்ஷன் போன்ற செக்டு எக்ஸெப்ஷனை, அதாவது கையாளச் சொல்லி கம்பைலர் கட்டாயப்படுத்தும் வகையை, அதற்குள்ளேயே பிடித்தாக வேண்டும். வெளியே இருக்கும் கேட்ச் கணக்கில் வராது.

உள்ளே பிடித்துவிட்டு காலி லிஸ்ட்டைத் திருப்பி அனுப்புகிறவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். நிரல் ஓடிவிடும், மொத்தமும் வரும், ஆனால் ஒரு நாள் எடை அதில் இருக்காது. ஷீட் கொண்டுவந்து போட்டவருக்குப் பணம் குறையும், காரணம் யாருக்கும் தெரியாது.

ஒரு ஃபைலைப் படிக்க மட்டும் தனி மெத்தட் எழுதுங்கள். அதன் கேட்சில், கம்பைலர் கட்டாயப்படுத்தாத வகையான அன்செக்டுஐஓஎக்ஸெப்ஷனை எறியுங்கள். லாம்ப்டாவோடு சேர்ந்தே 2014இல் ஜாவா 8இல் வந்தது அது, இதற்கென்றே இருக்கிறது. செய்தியில் ஃபைல் பெயரையும், காரணமாக மூல ஐஓஎக்ஸெப்ஷனையும் கொடுங்கள். மேப்பில் இந்த மெத்தடின் பெயர் மட்டும் போதும்.

அப்புறம், அதைப் பிடிக்கும் இடம். மேப் எழுதிய வரியில் எதுவும் ஓடாது. கலெக்ட், சம் போன்ற கடைசி ஆபரேஷன் வரும்போதுதான் ஃபைல் படிக்கப்படும். ஸ்ட்ரீமை ஒரு மெத்தடில் கட்டி ரிட்டர்ன் செய்து, அந்த மெத்தடுக்குள் டிரை வைத்தால், எக்ஸெப்ஷன் அதற்கு வெளியேதான் வெடிக்கும். கலெக்ட் இருக்கும் வரியை டிரைக்குள் கொண்டுவாருங்கள்.

இதெல்லாம் ஒரு ஃபைல் கெட்டால் கணக்கே நிற்க வேண்டும் என்றால். மற்ற நாட்கள் ஓடட்டும், கெட்டதை மட்டும் தனியாகக் காட்டட்டும் என்றால், எக்ஸெப்ஷனை எறியாமல் ஃபைல் பெயர், வரிகள், பிழை மூன்றையும் ஒரு ரெக்கார்டில் (சில மதிப்புகளைச் சேர்த்து வைக்கும் சிறு கிளாஸ்) வைத்துத் திருப்புங்கள். பிழை உள்ளவற்றைப் பிறகு பிரித்துக்கொள்ளலாம். உங்கள் கடைக்கு நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஃபைல்கள் கொஞ்சம்தான் என்றால் சாதாரண ஃபார் லூப்பே போதும். அங்கே டிரை-கேட்ச் எந்தத் தடையும் இல்லாமல் வேலை செய்யும்.