சார்லஸ் ஓக்லி: கேள்வி பதில்

கே: அமெரிக்கக் கூடைப்பந்து ஆட்டக்காரர் ஓக்லி எந்தக் கல்லூரியில் ஆடினார்? பெரிய கல்லூரிகளின் பட்டியலில் பெயரைக் காணோமே.

ப: தேடிய இடம்தான் தப்பு. ரிச்மண்டில் உள்ள வர்ஜீனியா யூனியன், கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவின் இரண்டாம் பிரிவு. கடைசி ஆண்டில் ஆட்டத்துக்கு 17 ரீபவுண்டுக்கு (தவறிய ஷாட்டில் பந்தைப் பிடிப்பது) மேல். இரண்டாம் பிரிவு எண்களை தொழில்முறை லீக்கான என்பிஏவின் அணிகள் எளிதில் நம்பாது. அப்படியிருந்தும் 1985 டிராஃப்டில் (அணிகள் முறைபோட்டுப் புது ஆட்களை எடுப்பது) ஒன்பதாவது ஆளாகப் போனார். எடுத்தது சொந்த ஊரான கிளீவ்லாண்ட். அன்றைக்கே சிகாகோவுக்குக் கைமாற்றிவிட்டார்கள்.

கே: ரீபவுண்டில் முதலிடம் பிடித்தாரா, இல்லையா? ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள்.

ப: இரண்டும் சரி. மொத்தக் கணக்கில் 1986-87ல் 1,074, 1987-88ல் 1,066. இரு முறையும் முதலிடம். ஆனால் பட்டம் சராசரிக்குத்தான். 1988ல் கடைசி ஆட்டத்தில் கிளிப்பர்ஸின் மைக்கேல் கேஜ் 30 ரீபவுண்ட் எடுத்து 13.03ல் முடித்தார். ஓக்லிக்கு 13.00. கேஜ் ஆடியது 72 ஆட்டம், ஓக்லி 82. எத்தனை ஆட்டம் என்று பார்க்காமல் சராசரியைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள்.

கே: அண்ணா, அவர் மாதிரி பாக்ஸ் அவுட் (எதிராளியை முதுகால் மறித்து ரீபவுண்டுக்கு இடம் பிடிப்பது) செய்யப் பார்க்கிறேன். பந்து என் தலையைத் தாண்டிப் போய்விடுகிறது.

ப: கூடைக்கு அடியிலேயே போய் நிற்கிறாய் தம்பி. வளையத்துக்கு நேர் கீழே வலையில் விழும் பந்துதான் கிடைக்கும். ஓரிரு எட்டு வெளியே வா. ஷாட் எழும்பியதும் பந்தைப் பார்க்காதே, ஆளைத் தேடு. முன்கையால் அவன் நெஞ்சைத் தொட்டு இடத்தை உறுதி செய்துகொண்டு, ஒரு காலை ஊன்றித் திரும்பி, இடுப்பை இறக்கி அவன் தொடைமேல் உட்காருவது போல நில். கால்கள் தோளைவிட அகலம், கைகள் தோள் உயரத்தில். முழங்கால் நிமிர்ந்தால் பின்னாலிருப்பவன் லேசாகத் தள்ளினாலே போதும், நீ வளையத்துக்கு அடியில். மூலையிலிருந்து போடும் ஷாட் தவறினால் பந்து பெரும்பாலும் எதிர்ப்பக்கம் விழும். அந்தப் பக்கத்து ஆளை முதலில் மடக்கு. பிடித்ததும் இரு கையாலும் தாடைக்குக் கீழே கொண்டுவா. முழங்கையை வீசாதே, ஃபௌல்.

கே: ஆறடி இல்லாதவர்கள் ஓக்லியின் இடமான பவர் ஃபார்வர்டில் ஆடலாமா?

ப: உள்ளூர் ஆட்டத்தில் ஆடலாம். மேலே சொன்ன இடுப்பு வேலையைப் பழகுங்கள்.

கே: 1988ல் ஓக்லியை நியூயார்க்குக்குக் கொடுத்து சென்டர் பில் கார்ட்ரைட்டை வாங்கியது சிகாகோவின் முட்டாள்தனம்தானே?

ப: இல்லை. 1987 டிராஃப்டிலேயே ஹோரஸ் கிராண்ட் வந்துவிட்டார். ஓக்லியின் இடத்துக்கு ஆள் தயார்; இல்லாதது சென்டர், அதாவது கூடையருகே ஆடும் உயரமான ஆள். நியூயார்க்கில் சென்டராக யூயிங் இருந்ததால் கார்ட்ரைட்டுக்கு அங்கே இடமில்லை, யூயிங் பக்கத்தில் அடிவாங்கி நிற்க ஓர் ஆள் தேவை.

கே: அப்படியானால் லாபம் சிகாகோவுக்கு மட்டும்தான். கோப்பையைப் பாருங்கள்.

ப: 1991, 92, 93 மூன்று முறையும் சிகாகோ நியூயார்க்கைத் தாண்டித்தான் கோப்பைக்குப் போனது, உண்மை. ஆனால் 92ல் அந்தத் தொடர் ஏழு ஆட்டம் இழுத்தது. சிகாகோவின் கிராண்டையும் பிப்பனையும் உள்ளே மல்லுக்கட்ட வைத்ததில் ஓக்லிக்குப் பெரிய பங்கு. 1994ல் நியூயார்க் இறுதிப்போட்டிக்கே போய் ஹூஸ்டனை எதிர்த்து 3-2 என்று முன்னிலையில் இருந்தது. ஆறாவது ஆட்டத்தில் 86-84 என்று தோல்வி. நியூயார்க்கின் ஸ்டார்க்ஸ் போட்ட கடைசி ஷாட்டில் ஹூஸ்டனின் ஒலாஜுவான் கைபட்டிராவிட்டால் இந்தக் கேள்வியே வந்திருக்காது.

கே: கோப்பை இல்லாதவர் எப்படிப் பெரிய ஆட்டக்காரர்?

ப: மேலே உள்ள பதில்.

கே: இன்றைய விதியில் அவர் ஆடினால் ஐந்து நிமிடத்தில் ஃபௌலாகி வெளியே போவாரா?

ப: மாட்டார். 1994-95ல் கைவைத்துத் தடுப்பதைக் கட்டுப்படுத்திய பிறகும் பத்து சீசன் ஆடினார். 1998ல் தடுப்பாட்டத்துக்கான இரண்டாம் அணியிலும் இடம்பிடித்தார். சிக்கல் வேறு: இன்று மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே நிற்கும் ஃபார்வர்டைத் துரத்த வேண்டும். தவறும் ஷாட்டும் நீளமாகத் தெறிக்கும்.

கே: என் உயரம் 5 அடி 10. நான் ரீபவுண்ட்...

ப: இடுப்பை இறக்கு தம்பி. மூன்றாவது முறை சொல்கிறேன்.