அடுத்தவர் வயலுக்குள் நடக்கலாமா?

கேள்வி: எனக்கு ஊர் கோபிசெட்டிபாளையம், வயது 61. இங்கிலாந்தில் சசெக்ஸ் பக்கம் ஒரு கிராமத்தில் மகளோடு இருக்கிறேன். இந்த ஊர் நடைக்குழுவினர் அக்டோபர் கடைசி ஞாயிறன்று ஆறு மைல் நடக்கப் போகிறார்கள், என்னையும் கூப்பிடுகிறார்கள். வயல், மாடு மேயும் நிலம் எல்லாம் தாண்டிப் போவார்களாம். அடுத்தவர் நிலத்தில் கால் வைப்பது தப்பில்லையா? என்னால் ஈடுகொடுக்க முடியுமா? மகள் வேண்டாம் என்கிறாள்.

பதில்: கட்டாயம் போய் வாருங்கள் அம்மா.

முதலில் அந்த நிலத்து விஷயம். உங்கள் கொங்கு நாட்டு இட்டேரியை நினைத்துக்கொள்ளுங்கள். இருபக்கமும் யாரோ ஒருவருடைய காடு, நடுவில் ஊருக்கே பொதுவான தடம். அங்கேயும் அப்படித்தான், ஆனால் தடம் வேலியோரம் மட்டும் இல்லாமல் வயலின் நடுவிலும் ஓடும். மஞ்சள் அம்புக்குறி இருந்தால் அது பொது நடைபாதை. நிலத்துக்காரர் அதை அடைக்கக் கூடாது. இலையுதிர் காலத்தில் உழுதிருந்தாலும் பாதையைத் திரும்பச் சரிசெய்து கொடுப்பது அவர் பொறுப்பு.

எல்லா நிலத்துக்கும் இந்த உரிமை கிடையாது. 1932-இல் இங்கிலாந்தின் கிண்டர் ஸ்கவுட் என்ற மேட்டுநிலத்தில் நடக்க அனுமதி இல்லாதபோது, நூற்றுக்கணக்கான தொழிலாளர்கள் துணிந்து ஏறினார்கள். ஐந்து பேர் சிறைக்குப் போனார்கள். மலை, தரிசு மேடுகளில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம் என்ற சட்டம் 2000-இல்தான் வந்தது. இவ்வளவு பாடுபட்டு வாங்கிய உரிமையில் உங்களுக்கும் பங்கு உண்டு. கூச்சப்படாமல் நடங்கள்.

ஆறு மைல் என்றால் பத்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவு. குழுவாக, நின்று பேசி நடந்தால் மூன்று மணி நேரத்துக்கு மேலேயே ஆகும். அதற்கு முன்பே இரண்டு நாள் நாலைந்து கிலோமீட்டர் நடந்து பாருங்கள். முழங்கால் வலி இருந்தால் மருத்துவரைக் கேட்டுவிடுங்கள். ஏற்றத்தைவிட இறக்கம்தான் முட்டியைப் பதம் பார்க்கும். கைத்தடி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். வழிநடத்துபவரிடம் மூன்று கேள்வி: எத்தனை வேலிப் படிகள் ஏறி இறங்கணும், நடுவழியில் விலகிக்கொள்ள ரோடு இருக்கிறதா, கடைசியில் வருபவர்களோடு யார் நடப்பார்?

செருப்பு வேண்டவே வேண்டாம். அந்தப் பக்கத்து மேடுகள் சுண்ணாம்புப் பாறை. மழை பட்டால் சோப்புத் தேய்த்த கல் மாதிரி வழுக்கும். சாதாரண ஸ்போர்ட்ஸ் ஷூவோடு அப்படி ஒரு இறக்கத்தில் உட்கார்ந்தே சறுக்கி வந்தவள் நான். அடிப்பகுதி நன்றாகக் கவ்வும் ஷூ வாங்கித் தரச் சொல்லுங்கள். சேலை பிளாக்பெர்ரி புதர் முள்ளில் மாட்டும், சுடிதார் போதும். மேலே ஒரு மழைக்கோட்டு.

மாடு உங்களுக்குப் பழக்கம்தான். ஆனாலும் அங்கே கட்டுத்தறி கிடையாது, மந்தையாக அவிழ்ந்தே மேயும். பசுவுக்கும் கன்றுக்கும் நடுவில் போகாமல் சுற்றிப் போங்கள், ஓடாதீர்கள்.

இன்னொன்று. அந்த ஞாயிறு அதிகாலைதான் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள். மறந்தால் ஒரு மணி நேரம் முன்னதாகப் போய் நிற்பீர்கள். மாலை ஐந்துக்குள் பொழுதும் சாய்ந்துவிடும், கையில் டார்ச் இருக்கட்டும்.

மகள் பயப்படுவது உங்கள் மேல் உள்ள அக்கறையில்தான். அவளையும் கூட்டிப்போங்கள். வழியில் செஸ்ட்நட் என்ற மரக்கொட்டை பொறுக்கலாம். இரண்டு வகை உண்டு, பார்த்து எடுக்கணும். ரம்புத்தான் போல நெருக்கமான மெல்லிய முள் ஓடு, உள்ளே நுனி கூரான கொட்டை என்றால் தின்னலாம். தடித்த ஓட்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாக முள், உள்ளே உருண்டையான பளபளப்புக் கொட்டை என்றால் அது விஷம், தொட்டுப் பார்த்துவிட்டுப் போட்டுவிடுங்கள். சந்தேகமாக இருந்தால் குழுவில் இருப்பவரிடம் காட்டுங்கள். காளான் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். வீட்டுக்கு வந்து சுடும்போது ஒவ்வொரு கொட்டையிலும் கத்தியால் ஒரு கீறல் போட்டுவிடுங்கள், இல்லாவிட்டால் வெடிக்கும்.