செட்டிநாட்டில் குழந்தைப் பருவத்தை மாற்றியது செல்போன் மட்டும்தானா?

செட்டிநாட்டுப் பிள்ளைகளின் விளையாட்டைச் செல்போன்தான் பறித்துவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி சரி. காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் வளவில் (வீட்டின் உள்முற்றத்தில்) பல்லாங்குழியும் தாயமும் ஆட, ஒரே வீட்டில் பங்காளிப் பிள்ளைகள் கூட்டமாக இருந்தார்கள். இப்போது அந்த வீடுகளில் பல பூட்டிக் கிடக்கின்றன. குடும்பங்கள் சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் போய்விட்டன. கூட்டாளி இல்லாத பிள்ளை போனை எடுக்காமல் என்ன செய்யும்?

எனக்குப் பெரிதாகத் தோன்றும் மாற்றம் வேறு: தொலைவில் இருக்கும் அப்பாவோடு பிள்ளைக்குள்ள தொடர்பு. இரண்டாம் உலகப் போருக்கு முன், பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வட்டித் தொழிலுக்குப் போன நகரத்தார் (செட்டிநாட்டு வணிகச் சமூகத்தார்) பெரும்பாலும் மூன்று ஆண்டுக் கணக்கு முடித்துத்தான் ஊர் திரும்புவார்கள். அதுவரை பிள்ளைக்கு அப்பச்சி (அப்பா) என்றால் கப்பலில் வரும் கடிதம்தான். வசதியிருந்தால் சுவரில் ஒரு படம். ஊருக்கு வந்தவரை யாரோ என்று நினைத்து ஆத்தாவின் பின்னால் ஒளிந்த பிள்ளைகளும் உண்டு. அப்புறம் எஸ்டிடி பூத் வந்தது. குரல் கிடைத்தது, ஆனால் மீட்டரில் ஏறும் காசைப் பார்த்துக்கொண்டே பேச வேண்டும். 2016-இல் ஜியோ வந்து டேட்டா விலை சரிந்த பிறகு, சிங்கப்பூரில் இருக்கும் அப்பாவிடம் பிள்ளை வாட்ஸ்அப் வீடியோவில் வீட்டுப்பாடத்தையே காட்டுகிறது.

இதில் இன்றைய பிள்ளைக்கு லாபம்தான். விளையாட்டு திரும்ப வேண்டுமானால், போனைப் பிடுங்குவதைவிட, லீவுக்கு ஊருக்கு அழைத்துவந்து பங்காளிப் பிள்ளைகளோடு சேர்த்துவிடுவது பலன் தரும்.